ஜெபம் வரவில்லை, அறிக்கை மட்டும் தவறாமல் போகிறது

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, இப்போது தான்சானியாவில் டொடோமா நகருக்கு வெளியே ஒரு சிற்றூரில் மிஷனரியாக இருக்கும் 27 வயது இளைஞர் ஒருவர், கையால் எழுதிய ஆறு பக்கக் கடிதத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

மதுரையில் உள்ள ஒரு மிஷனரி அமைப்பு அவரை மூன்று ஆண்டுகளுக்கு அனுப்பியது. போய் 14 மாதங்கள் ஆகின்றன. பகலில் அங்குள்ள திருச்சபைப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறார், மாலையில் மாணவர் விடுதியைக் கவனிக்கிறார், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு உதவுகிறார். ஆறு மாதங்களாக ஜெபிக்க உட்கார்ந்தால் ஒரு வார்த்தையும் வருவதில்லை. இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொள்கிறார். யாரோ நெஞ்சில் ஏறி உட்காருவதுபோலக் கனவுகள். “இது சாத்தானின் போராட்டம்” என்று பணித்தளத் தலைவர் சொன்னதால் வாரத்தில் மூன்று நாள் உபவாசம் இருக்கிறார். ஆனால் காணிக்கை தந்து அவரைத் தாங்குகிற குடும்பங்களுக்கு மாதந்தோறும் போகும் ஜெப அறிக்கையில் மட்டும் எல்லாம் மகிமையாக நடப்பதாக எழுதி, சிரித்த முகத்தோடு படமும் அனுப்புகிறார்.

ஊரில் அப்பாவுக்குச் சர்க்கரை நோய். இரண்டு மாதங்களுக்கு முன் பெரிய ஆஸ்பத்திரியில் கால் விரல் ஒன்றை எடுத்துவிட்டார்கள். அக்கா “வா” என்கிறார். அம்மாவோ, “மூன்று வயதில் பிழைக்க மாட்டாய் என்றார்கள், ஆண்டவருக்கு நேர்ந்துவிட்டுத்தான் உன்னை மீட்டேன், பாதியில் வந்தால் ஊர் சிரிக்கும்” என்கிறார். பாஸ்போர்ட் ‘பத்திரத்துக்காக’ தலைவரின் பீரோவில் இருக்கிறது. இடையில் திரும்பினால் பயணச் செலவையும் பயிற்சிச் செலவையும் கட்டுவதாக ஓர் உறுதிமொழித் தாளில் கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

அவருடைய கேள்விகள் மூன்று. என் விசுவாசம் போய்விட்டதா? திரும்பினால் அது ஆண்டவருக்குச் செய்யும் துரோகமா? பாஸ்போர்ட்டை அவர்கள் வைத்துக்கொள்ளலாமா?

தம்பி,

இந்த மூன்றுக்கும் முன்னால், நீங்கள் கேட்காத ஒன்றைப் பேச வேண்டும். நான்காம் பக்கத்தில், “ஒரு நாள் விடியாமலே போய்விட்டால் நல்லது என்று தோன்றுகிறது” என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே அங்கே மழை பிந்திவிட்டதைச் சொல்லப் போய்விட்டீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் கடிதம் வந்த அன்றே தனி மடல் அனுப்பினேன். பள்ளியின் செவிலியரிடம் சொல்லிவிட்டதாகப் பதில் எழுதினீர்கள். நல்லது. அந்த எண்ணம் மறுபடி வந்தால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே, பக்கத்தில் இருக்கும் ஒரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இதைப் படிப்பவர்களில் இந்தியாவில் இருப்பவர் எவருக்காவது அப்படித் தோன்றினால் 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

முதலில் மாத்திரை

நீங்கள் போகிறபோக்கில் சொன்ன ஒரு செய்தி என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. மலேரியா வராமலிருக்க வாரம் ஒரு மாத்திரை, ஒவ்வொரு ஞாயிறும், எட்டு மாதங்களாகச் சாப்பிடுகிறீர்கள். தூக்கம் கெட்டது ஆறேழு மாதங்களாக. மாத்திரையின் பெயரை எழுதவில்லை. அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

அது மெஃப்ளோகுவின் என்றால், உங்கள் கனவுகளுக்குச் சாத்தானைத் தேட வேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம். கொடுங்கனவு, தூக்கமின்மை, காரணமில்லாத பயம், மனச்சோர்வு, சிலருக்குத் தற்கொலை எண்ணம் என்று இந்த மருந்தின் பக்கவிளைவுகள் நன்றாகப் பதிவானவை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இல் தன்னிடம் உள்ளதிலேயே கடுமையான எச்சரிக்கையை இதற்குக் கொடுத்தது. ஏற்கெனவே மனச்சோர்வு உள்ளவர்களுக்கு இதைத் தடுப்பு மருந்தாகத் தரக் கூடாது என்பது பொதுவான விதி. உடலை விட்டு இது மெதுவாகத்தான் வெளியேறும். நிறுத்தினாலும் வாரக்கணக்கில் தங்கும் என்பதால், மறுநாளே எல்லாம் சரியாகிவிடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள்.

குளோரோகுவின் என்றால் வேறு சிக்கல். அந்த நாட்டு மலேரியாக் கிருமி அதற்கு மசிவதில்லை. மலேரியாவுக்கு முதல் மருந்தாக அதைக் கொடுப்பதைத் தான்சானியா அரசு 2001-லேயே கைவிட்டது. எந்த மாத்திரையாக இருந்தாலும், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன் டொடோமாவில் ஒரு மருத்துவரைப் பாருங்கள். கனவு, தூக்கம், அந்த நான்காம் பக்க வரி, மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கவும் வேண்டாம். டாக்ஸிசைக்ளின் போன்ற மாற்று மருந்துகள் இருக்கின்றன, எது உங்களுக்குச் சரி என்று அவர் சொல்வார். கொசுவலையை விடாதீர்கள். காய்ச்சல் வந்தால் அன்றே இரத்தப் பரிசோதனை. ஊருக்கு வந்து சில மாதங்கள் கழித்துக் காய்ச்சல் கண்டாலும், “ஆப்பிரிக்காவில் இருந்தேன்” என்பதை மதுரை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

உபவாசம் உங்களுக்கும் உங்கள் ஆண்டவருக்கும் நடுவில் உள்ள விஷயம், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் தூக்கம் இல்லாத, எடை ஏழு கிலோ குறைந்த உடம்பு வாரத்தில் மூன்று நாள் பட்டினி கிடந்தால், ஜெபம் வராது, தலைசுற்றல்தான் வரும். மருத்துவர் பார்க்கும் வரையாவது நிறுத்திவையுங்கள். உகாலி தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதியதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். உசிலம்பட்டிக்காரர் களிக்கு முகம் சுளிப்பதா? சோளக்களிக்கும் மக்காச்சோள மாவில் கிண்டும் அந்த உகாலிக்கும் கைப்பக்குவம்தானே வித்தியாசம். கீரையும் பீன்ஸ் குழம்பும் கிடைக்கிறது என்கிறீர்கள். ஒரு கைப்பிடி மிளகாயைத் தாளித்துக்கொட்டிப் பாருங்கள்.

அறிக்கையில் இல்லாத மனிதர்

உங்கள் அறிக்கைகள் நான்கை இணைத்திருந்தீர்கள். கடிதத்தையும் அவற்றையும் அடுத்தடுத்துப் படித்தேன். இரண்டையும் ஒரே ஆள் எழுதியதாகத் தெரியவில்லை.

அறிக்கையில் “அநேகர் தொடப்பட்டார்கள்”, “எழுப்புதலின் அறிகுறிகள்” என்று இருக்கிறது. கடிதத்தில்தான் நீங்கள் இருக்கிறீர்கள். “சா தாத்து” என்று கூட்டத்துக்கு நேரம் சொன்னபோது பிற்பகல் மூன்று மணி என்று நினைத்துப் போய், பூட்டிய கதவைப் பார்த்து நின்றிருக்கிறீர்கள். சுவாஹிலியில் மணிக்கணக்கு விடியலில் தொடங்குகிறது, மூன்றாம் மணி என்றால் காலை ஒன்பது. (நம் பாட்டிமார் “விடிந்து இத்தனை நாழிகை” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உங்களுக்கு அது அந்நியக் கணக்கே இல்லை.) பெரியவர்களைக் கண்டால் “ஷிகாமோ” என்று வணங்க வேண்டும் என்று தெரியாமல் ஒரு மூதாட்டியைக் கடந்து போனீர்கள். அவர் கூப்பிட்டு நிறுத்திச் சொல்லிக்கொடுத்தார். இப்போது தினமும் அவர் வீட்டு வழியாகத்தான் போகிறீர்கள். விடுதிப் பையன் ஒருவனுக்கு மலேரியா கண்டபோது விடிய விடிய ஈரத்துணி மாற்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். அவன் உங்கள் விரலைப் பிடித்தபடி தூங்கினான்.

இவற்றில் ஒன்றுகூட அறிக்கையில் இல்லை. ஏன் என்பதற்கும் நீங்களே ஒரு காரணம் எழுதியிருக்கிறீர்கள்: “இதெல்லாம் ஊழியக் கணக்கில் வராது.” யார் போட்ட கணக்கு அது, தம்பி?

என் கணிப்பைச் சொல்கிறேன். நான் ஆலோசகர், போதகர் அல்ல. ஒருவருடைய விசுவாசத்தை அளந்து சொல்ல என்னிடம் படி இல்லை. ஆனால் மாதம் ஒருமுறை, தான் நம்பாத வாக்கியங்களைத் தன் கையெழுத்தோடு நூறு குடும்பங்களுக்கு அனுப்புகிற ஒருவரால், அன்றிரவு முழந்தாளிட்டு உண்மை பேச முடியாமல் போவது எனக்கு வியப்பாக இல்லை. பொய் சொல்லிப் பழகிய வாய், நிஜம் கேட்கும் இடத்தில் மூடிக்கொள்கிறது. மாத்திரை, பசி, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து உங்களைச் சாய்த்திருக்கின்றன. எழவிடாமல் அழுத்துவது இந்த இரட்டை எழுத்துதான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. பகலெல்லாம் சுவாஹிலி, அலுவலகத்தில் ஆங்கிலம். ஜெபக் கூட்டத்திலும் இலக்கணப் பிழை வந்துவிடுமோ என்ற பயத்தோடு சுவாஹிலி. உங்கள் பாட்டி அடுப்படியில் முணுமுணுத்த அந்த ஊர்த் தமிழில் ஜெபித்து எத்தனை நாளாகிறது? கண்ணை மூடினாலும் மொழித்தேர்வு எழுதுகிறவர் எப்படி ஜெபிப்பார்? அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, “சாமி, எனக்கு முடியவில்லை” என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். பிறகு அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பது என் துறை அல்ல.

அடுத்த மாத அறிக்கையை இப்படித் தொடங்கலாம்: “இந்த மாதம் உடல்நலம் சரியில்லை, தூக்கம் இல்லை, சோர்வாக இருக்கிறேன். விடுதியில் ஒரு பையனுக்கு மலேரியா வந்து தேறினான்.” தாங்குகிறவர்களில் சிலர் சுணங்கலாம், ஒன்றிரண்டு காணிக்கை உறைகள் நின்றும் போகலாம். அந்த இழப்பு உண்மையானது, இல்லையென்று நான் பசப்பவில்லை. ஆனால் உங்களுக்காக ஜெபிக்கிறவர்கள் இப்போது இல்லாத ஓர் ஆளுக்காக அல்லவா ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள்?

பலன் கணக்குக்கு நம் மதுரையிலேயே ஒரு பழைய பேரேடு உண்டு. 1606-இல் இத்தாலியப் பாதிரியார் இராபர்ட் தெ நொபிலி இங்கே வந்தபோது அவருக்கு 29 வயது, உங்களைவிட இரண்டுதான் கூட. அவருக்கு முன்பு கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்ச்சுக்கீசியப் பாதிரியார் 11 ஆண்டுகள் இந்த ஊரில் இருந்தார். அத்தனை ஆண்டுகளில் உள்ளூர் இந்துக்களில் ஒருவர்கூட அவர் சொல்லி மதம் மாறவில்லை. நீங்களோ 14 மாதத்தில் ‘ஆத்துமாக்கள் எத்தனை’ என்று தலைவர் கேட்பதற்குக் கூனிக் குறுகுகிறீர்கள். நொபிலி தமிழ் படித்து, காவி உடுத்தி, மரக்கறி உண்டு வாழத் தொடங்கியதும் அவர்மீது மேலிடத்துக்குப் புகார் எழுதியவரும் அதே பெர்னாண்டஸ்தான். அந்தச் சச்சரவு 1623-இல் போப்பாண்டவர் தீர்ப்புச் சொல்லும் வரை ஓடியது. மூத்தவருக்கும் இளையவருக்கும் பணித்தளத்தில் ஒத்துப்போகாதது உங்கள் காலத்துப் புதுமை அல்ல.

பாஸ்போர்ட்டும் கையெழுத்திட்ட தாளும்

இதை ஒரு வழக்கறிஞர் நண்பரிடம் காட்டிக் கேட்டேன். பாஸ்போர்ட் உங்களுடையதும் அல்ல, உங்கள் அமைப்பினுடையதும் அல்ல. 1967-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி அது எப்போதும் மத்திய அரசின் சொத்து. யார் பெயருக்குக் கொடுக்கப்பட்டதோ அவர் கையில் இருக்க வேண்டியது. உங்கள் தலைவர் ஒரு தனிமனிதர். உங்கள் விருப்பத்துக்கு மாறாக அதைப் பிடித்துவைக்க அவருக்கு உரிமை இல்லை, கடனுக்கு ஈடாக வைத்துக்கொள்ளவும் முடியாது.

ஆனால் சண்டையில் தொடங்காதீர்கள். ஒருவேளை அவர் உண்மையாகவே பத்திரம் என்று நினைத்து எல்லாருடையதையும் பூட்டிவைத்திருக்கலாம். “ஐயா, அப்பா உடம்பு சரியில்லை, எந்த நேரமும் புறப்பட வேண்டியிருக்கலாம், பாஸ்போர்ட் என்னிடம் இருக்கட்டும்” என்று நேரில் கேளுங்கள், அதையே மின்னஞ்சலிலும் எழுதுங்கள். கைக்கு வந்ததும் பாஸ்போர்ட், குடியிருப்பு அனுமதி, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை மூன்றையும் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பிவிடுங்கள். அனுமதி எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்கள். காலாவதியாகிவிட்டால் சிக்கல் தலைவருக்கு அல்ல, உங்களுக்கு.

தர மறுத்தால் தாருஸ்ஸலாமில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கு எழுதுங்கள். வெளியுறவுத் துறையின் ‘மதத்’ என்ற இணையதளத்திலும் புகாரைப் பதியலாம். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். “தொலைந்துவிட்டது” என்று சொல்லிப் புதிய பாஸ்போர்ட் வாங்கிவிடலாம் என்று உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பீரோவில் இருப்பது தெரிந்தே அப்படி எழுதினால் அது பொய்த் தகவல், அதே சட்டத்தின்படி குற்றம்.

உறுதிமொழித் தாள் உங்களை மிரட்டும் அளவுக்குப் பெரியது அல்ல. இந்திய ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி, தாளில் ஒரு தொகை போட்டிருந்தால் அதை அப்படியே கறந்துவிட முடியாது. அந்தத் தொகைக்கு உட்பட்டு, நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். அதற்காக அது வெற்றுத் தாள் என்றும் நினைக்க வேண்டாம். டிக்கெட் செலவில் ஒரு பங்கைக் கட்ட வேண்டி வரலாம். நோயினால் திரும்புகிறீர்கள் என்றால் மருத்துவரின் சீட்டு உங்கள் பக்கம் பேசும். அந்தச் சீட்டுக்காகவும்தான் டொடோமாவுக்குப் போகச் சொல்கிறேன்.

திரும்புவதா, இருப்பதா

இந்த நிலையில் முடிவெடுக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. இரவு இரண்டு மணிக்கு எடுக்கும் முடிவு எதுவும் காலை வரை தாங்காது. உங்களுக்கு அந்த இரண்டு மணி ஆறு மாதமாக நீள்கிறது.

நடுவில் ஒரு வழி இருக்கிறது. ஒரு மாதம், முடிந்தால் ஆறு வாரம், விடுப்பு கேளுங்கள். மூன்று ஆண்டுகள் முடியும் வரை விடுப்புக் கேட்பதே அவிசுவாசம் என்று பயிற்சியில் சொன்னார்களாம். கொடைக்கானல் எப்படி வந்தது என்று அவர்களுக்குத் தெரியாதா? 1834-இல் மதுரையில் வேலை தொடங்கிய அமெரிக்க மிஷனரிகள், காலராவிலும் காய்ச்சலிலும் தங்கள் ஆட்களை அடுத்தடுத்துப் புதைத்த பிறகு, 1845-இல் மலைமேல் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். ரோடு கிடையாது, ஏறித்தான் போக வேண்டும். ஓய்வெடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்து மறுபடி வேலை பார்த்தார்கள். உங்கள் அமைப்பு பெருமையோடு சொல்லிக்கொள்ளும் அந்த முன்னோடிகளே ஓய்வுக்காக ஓர் ஊரை உண்டாக்கியவர்கள். இதை விண்ணப்பத்தில் எழுதினாலும் தப்பில்லை.

விடுப்பில் வந்தால் திரும்பி நுழைய அனுமதி செல்லுமா என்பதைப் புறப்படும் முன் அங்குள்ள குடிநுழைவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அப்பாவின் காலைக் காரணம் காட்டி வந்துவிட்டு, பிறகு சத்தமில்லாமல் தங்கிவிடுவது இன்னோர் அறிக்கைப் பொய்யாகிவிடும். அப்பாவுக்காக வருவதென்றால் அதற்காக மட்டும் வாருங்கள். உங்களுக்காக வருவதென்றால் அதைச் சொல்லிவிட்டு வாருங்கள்.

விடுப்புக்குப் பிறகும் ‘முடியாது’ என்று தோன்றினால் திரும்பிவிடலாம். துரோகமா என்று கேட்டீர்கள். உங்கள் வேதத்திலேயே மாற்கு என்ற இளைஞர் பவுலின் முதல் பயணத்தில் பாதியில் வீடு திரும்பியவர்தானே? பவுல் கோபித்துக்கொண்டார். பிற்காலத்தில் அதே பவுல், சிறையிலிருந்து, அவரை அழைத்துவா, எனக்குப் பிரயோஜனமானவன் என்று எழுதினார். என்னைவிட உங்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

அம்மாவின் நேர்த்தி கடைசியாக. சாகக் கிடந்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தாய் சொன்ன வார்த்தையைச் சட்டத்தால் அளக்கக் கூடாது. ஆனால் நம் பக்கத்தில் பிள்ளைக்காக நேர்ந்துகொண்டால் முடியைக் கொடுப்பார்கள், கிடா வெட்டுவார்கள், பிள்ளையையே உண்டியலில் போடுவதில்லை. 14 மாதம் நீங்கள் அங்கே இருந்தது அந்த நேர்த்தியில் சேராதா? இதை அவரிடம் நீங்கள் போனில் வாதாட வேண்டாம், “அம்மா, எனக்கு உடம்பு முடியவில்லை” என்பதை மட்டும் சொல்லுங்கள். இதுவரை அதைச் சொன்னதாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. ஊர் சிரிக்கும் என்று அவர் சொல்வது, மகன் நன்றாக இருக்கிறான் என்று அறிக்கையில் படித்துவிட்டுத்தான்.

அக்காவிடம் உறுதிமொழித் தாளின் நகலைக் கொடுத்து, மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு.

மருத்துவரைப் பார்த்ததும் மாத்திரையின் பெயரை எனக்கு எழுதுங்கள். அந்தப் பையன் விரலைப் பிடித்துத் தூங்கினான் என்பதோடு நிறுத்திவிட்டீர்கள். இப்போது பள்ளிக்கு வருகிறானா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.